லண்டன் பார்சலும் காலி வீதிச் சாமானும்: பைக்கற்றின் பின்பக்கத்தை வாசிக்க ஒரு வழிகாட்டி

போன வருடம் கந்தசஷ்டி முடிந்து இரண்டு நாள் கழித்து, லண்டனிலிருந்து மாமி அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. பிரித்ததும் அம்மா ஒரு பழ இனிப்பை எடுத்து வாயில் போட்டார். பைக்கற்றின் முன்னால் ஸ்ட்ரோபெரிப் படம், அதன் கீழே உண்மையான பழச்சாறு என்று கொட்டை எழுத்து. பின்பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்த எட்டு வயது மகள், "அப்பா, பீஃப் ஜெலட்டின் என்றால் என்ன?" என்று கேட்டாள். மாட்டின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கும் பசை அது. அம்மா ஒன்றும் கதைக்கவில்லை. எழும்பிப் போய் வாயைக் கொப்பளித்தார். வந்து இருந்தார். திரும்பவும் போய்க் கொப்பளித்தார். அன்று இரவு சாப்பிடவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்தவரை எங்கள் வீட்டில் யாரும் லேபல் வாசித்ததில்லை. மிளகாய்த்தூள் வீட்டில் வறுத்து மில்லில் அரைத்தது, எண்ணெய் தெரிந்த இடத்தில் வாங்கியது. கொழும்புக்கு, அதுவும் காலி வீதியிலுள்ள வெள்ளவத்தைக்குக் குடிவந்த பிறகு கதை வேறு. ஒரே கடையில் மலேசிய நூடில்ஸ், தாய்லாந்து சோஸ், இந்திய மிக்சர், அவுஸ்திரேலிய பிஸ்கற். அது போதாதென்று ரொறன்ரோவிலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் வருகிற பெட்டிகள். ஆறு மாதம் தடுமாறி, பத்தாயிரம் ரூபாவுக்குக் குறையாத சாமானை அயலட்டைக்குத் தானம் செய்துதான் இதைப் பழகினேன். வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ கொழும்புக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு அந்தச் செலவு மிஞ்சட்டும்.

1. கடைக்குப் போக முன் உங்கள் வீட்டுக் கேள்வியை முடிவு செய்யுங்கள்

நான் விட்ட முதல் பிழை, எல்லாவற்றையும் வாசிக்க வெளிக்கிட்டது. ஒரு பிஸ்கற் பைக்கற்றில் இருபது சேர்மானம் இருக்கும். எல்லாவற்றையும் தேடிப் பார்த்தால் ஒரு இராத்தல் பாண்கூட வாங்க முடியாது.

எங்கள் வீட்டில் மூன்றே கேள்விகள். அம்மாவுக்கு: மச்சம், அதாவது அசைவம், ஏதும் கலந்திருக்கிறதா? அம்மாவின் கணக்கில் முட்டையும் மச்சம்தான். மகளுக்கு: கச்சான், அதாவது நிலக்கடலை, இருக்கிறதா? அவளுக்குக் கச்சான் ஒவ்வாமை. மாமனாருக்கு: சீனி எவ்வளவு? உங்கள் வீட்டில் இது ஹலாலா என்பதாக இருக்கலாம், பால் ஒத்துக்கொள்ளாததாக இருக்கலாம், இரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைப்பதாக இருக்கலாம். கேள்வியை ஒரு துண்டில் எழுதி போன் உறைக்குள் வையுங்கள். அதற்கு மட்டும் விடை தேடினால் ஒரு பைக்கற்றுக்கு அரை நிமிடம் போதும். முதல் முறை கடையைச் சுற்ற ஒரு மணித்தியாலம் பிடிக்கும், எரிச்சலும் வரும். ஒரு மாதத்தில் கை தானாகவே பைக்கற்றைத் திருப்பும்.

இன்னொன்று: சந்தேகமான சாமானில் சின்னப் பைக்கற் ஒன்றே வாங்குங்கள். மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற பக்கம் திரும்பவே வேண்டாம்.

2. ஸ்டிக்கருக்குக் கீழே என்ன இருக்கிறது?

இறக்குமதியான சாமானில் இங்குள்ள இறக்குமதியாளரின் பெயர், முகவரி, விலை, திகதி கொண்ட வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை எங்கே ஒட்டுகிறார்கள்? பல வேளைகளில் சேர்மானப் பட்டியலின் மேலேயே! வேண்டுமென்று செய்கிறார்களோ இல்லையோ, வாசிக்க வேண்டிய இடம் மறைந்துபோகிறது. அதே சாமானில் வேறு ஒரு பைக்கற்றை எடுத்துப் பாருங்கள், ஸ்டிக்கர் கொஞ்சம் தள்ளி ஒட்டியிருக்கும். எல்லாமே மறைந்திருந்தால் நான் வாங்குவதில்லை.

ஸ்டிக்கரில் உள்ள திகதியும் பைக்கற்றில் அச்சான திகதியும் ஒத்துப்போகிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்தச் சாமானை வைத்துவிட்டு, கீழே பத்தாவது படிக்குப் போங்கள்.

தாய், சீன, அரபு எழுத்து மட்டும் இருந்தால் போன் கமராவால் மொழிபெயர்க்கும் கூகுள் லென்ஸ் உதவும். ஆனால் அது சேர்மானப் பெயர்களில் தடுமாறும். மேலோட்டமாக விளங்கிக்கொள்ளத்தான் அது, அதை நம்பி ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

3. பட்டியலை மேலிருந்து கீழே வாசியுங்கள்

சேர்மானங்கள் நிறையின்படி இறங்குவரிசையில் எழுதப்பட்டிருக்கும். முதலில் இருப்பதுதான் அதிகம். மாமி அனுப்பிய இனிப்பில் முதலாவது குளுக்கோஸ் சிரப், இரண்டாவது சீனி, மூன்றாவது ஜெலட்டின். அந்த ஸ்ட்ரோபெரிச் சாறு கடைசியிலிருந்து நான்காவது, 1 வீதம்.

இதில் ஒரு தந்திரம் உண்டு. சீனியை ஒரே பெயரில் போட்டால் அது முதலாவதாக வந்துவிடும். அதனால் சீனி, டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின், பழச்சாற்றுச் செறிவு என்று பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். மாமனாருக்கு வாங்கும்போது இவற்றை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துத்தான் எண்ணுவேன்.

அடைப்புக்குறிக்குள் இருப்பதைத் தாண்ட வேண்டாம். சோஸ் என்று எழுதி, அதற்குள் அடைப்பில் நெத்தலி இருக்கும். ஆங்கிலேயரின் வூஸ்டர் சோஸ் பெரும்பாலும் அப்படித்தான். தாய்லாந்துச் சிவப்புக் கறிக் கூட்டில் இறால் விழுது இருப்பது வழக்கம், பெயரிலும் படத்திலும் இறாலே இருக்காது.

வெளிநாட்டுச் சாமானைப் பற்றிக் கதைத்தாலும் உள்ளூர்ப் பொறி ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. தமிழ்நாட்டிலிருந்து வந்த சைவச் சாப்பாட்டுக்காரர்கள் அதிகம் விழுவது இதில்தான்: சீனிச் சம்பல். பெயரில் சீனி, வெங்காயம்தான் தெரியும். ஆனால் போத்தலில் வருவதிலும் பேக்கரி பணிஸுக்குள் வைப்பதிலும் மாசி, அதாவது மாலைதீவுக் கருவாடு, போடுவது வழக்கம். சிங்களத்தில் உம்பலகட. இந்தச் சொல்லையும், ரட்டகஜு என்றால் கச்சான், பித்தர என்றால் முட்டை, கிரி என்றால் பால் என்பதையும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். கடையில் நின்று கேட்க உதவும். கச்சான் என்றால் நிலக்கடலை. கடலை என்று கேட்டால் இங்கே கொண்டைக்கடலைதான் வரும். ஒவ்வாமை உள்ள பிள்ளையின் வீட்டில் இந்தக் குழப்பம் சின்ன விசயமில்லை.

4. இலக்கங்களைக் கண்டு பயப்பட வேண்டாம், ஆனால் சிலதை ஞாபகம் வையுங்கள்

நிறம், சுவை, பதத்துக்காகச் சேர்க்கும் பொருள்களைப் பல நாடுகளில் இலக்கத்தால் எழுதுவார்கள். ஐரோப்பியச் சாமானில் ஈ (E) 471 என்று இருக்கும். இந்தியச் சாமானில் அதையே ஐ.என்.எஸ். 471 என்பார்கள். அவுஸ்திரேலியாவில் எழுத்தே இல்லாமல் வெறும் 471. மூன்றும் ஒன்றுதான். அமெரிக்காவில் இலக்கமே போடமாட்டார்கள், பெயரைத்தான் எழுதுவார்கள். ஈ 102 அங்கே யெல்லோ 5, ஈ 129 அங்கே ரெட் 40.

நூற்றுக்கணக்கைப் பார்த்தாலே குடும்பம் தெரிந்துவிடும். 100களில் நிறங்கள். 200களில் கெடாமல் காப்பவை. 300களில் பெரும்பாலும் ஒட்சியேற்றத்தைத் தடுப்பவையும் புளிப்பைச் சரிசெய்பவையும். 400களில் தடிப்பாக்கிகள், எண்ணெயையும் நீரையும் ஒட்டவைக்கும் எமல்சிஃபையர்கள். 600களில் சுவைகூட்டிகள். 900களில் மெருகுப் பூச்சுகளும் சில இனிப்பூட்டிகளும்.

இலக்கம் இருந்தாலே நஞ்சு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை எனக்கும் நாலு பேர் அனுப்பினார்கள். அதில் ஈ 330 புற்றுநோய் தரும் என்று சிவப்பில் போட்டிருந்தது. ஈ 330 சித்திரிக் அமிலம், தேசிக்காய்ப் புளிப்பு. ஈ 100 மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின். ஈ 300 விற்றமின் சி. ஈ 500 அப்பச்சோடா வகை. ஈ 406 நோன்புக் கஞ்சி காலத்தில் பக்கத்து வீட்டில் காய்ச்சித் தருகிற கடற்பாசி. ஈ 948 என்ன தெரியுமா? ஒட்சிசன், நாம் மூச்சில் இழுப்பது. அதே பட்டியல் வேறு பத்து இலக்கங்களைப் பன்றிக்கொழுப்பு என்று அடித்துச் சொல்கிறது. அதுவும் அரைகுறை, ஏனென்றால் அந்த இலக்கங்களில் பலவற்றுக்கு மூலம் எதுவென்று இலக்கத்தை வைத்துச் சொல்லவே முடியாது. பட்டியலை அழித்துவிடுங்கள்.

மச்சம் பார்க்கிறவர்கள் ஞாபகம் வைக்க வேண்டியவை இவை:

ஈ 120, பெயர் கார்மைன் அல்லது கொச்சினீல். பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. இளஞ்சிவப்பு யோகட், ஐஸிங், இனிப்புகளில் பாருங்கள். ஈ 904 ஷெல்லாக், நம் ஊர் அரக்குதான், அதுவும் பூச்சி தருவது. சொக்லேட் பூசிய கொட்டைகளும் மினுங்கும் இனிப்புகளும் இதனால்தான் மினுங்குகின்றன. ஈ 901 தேன்மெழுகு. இதை அம்மா ஏற்றுக்கொண்டார், சிலர் ஏற்கமாட்டார்கள். ஈ 1105 முட்டை வெள்ளையிலிருந்து வரும் லைசோசைம், சில சீஸ்களில் இருக்கும்.

இரண்டுங்கெட்டான் இலக்கங்கள் வேறு உண்டு. ஈ 471, ஈ 472 ஆகியவை கொழுப்பிலிருந்து செய்பவை. பாம் எண்ணெயாகவும் இருக்கலாம், விலங்குக் கொழுப்பாகவும் இருக்கலாம். ஈ 631 மீன் அல்லது இறைச்சியிலிருந்தும் வரும், மரவள்ளி மாவைப் புளிக்கவைத்தும் வரும். ஈ 635 என்பது 627உம் 631உம் சேர்ந்த கலவை, ஆகவே அதே சந்தேகம்தான். ஈ 920 சில பாண்களின் மாவைப் பதப்படுத்தப் போடுவது; கோழி, வாத்து இறகிலிருந்தும் எடுக்கலாம், நொதிக்கவைத்தும் எடுக்கலாம். இவற்றைக் கண்டால் வேண்டாம் என்று உடனே எறிய வேண்டியதில்லை, அடுத்த படியில் சொல்லும் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜெலட்டினுக்கு ஐரோப்பாவில் இலக்கம் கிடையாது. அங்கே அது சேர்க்கைப்பொருள் அல்ல, உணவு. பெயராலேயே எழுதியிருக்கும். இலக்கத்தை மட்டும் தேடிக்கொண்டிருந்த நான் அதை எத்தனை தடவை தாண்டிப்போனேனோ!

5. பச்சைப் புள்ளி, வி குறி, ஹலால்: மூன்றும் வேறு வேறு

இந்தியச் சாமானில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், பால் இருக்கலாம், முட்டை இருக்காது. மண்ணிறச் சதுரத்துக்குள் முக்கோணம் இருந்தால் மச்சம். பழைய சாமானில் முக்கோணத்துக்குப் பதில் மண்ணிறப் புள்ளி. எங்கள் அம்மாவின் கணக்கோடு மிக நெருக்கமாக ஒத்துப்போவது இந்தக் குறிதான். 471, 631 சந்தேகமும் இதோடு தீர்ந்துவிடும்.

பிரித்தானியாவில் வி குறியோடு வெஜிடேரியன் என்று போட்டால் முட்டை இருக்கலாம். அங்கே முட்டை சாப்பிடுகிறவரும் வெஜிடேரியன்தான். மாமி "வெஜிடேரியன் பார்த்துத்தானே வாங்கினேன்" என்று இரண்டாவது தடவை அனுப்பிய கேக்கில் முட்டை இருந்தது. பாவம், அவர் மேல் பிழையில்லை. வீகன் என்று இருந்தால் பால், முட்டை இரண்டும் சேர்மானத்தில் இல்லை. ஆனால் பால் ஒவ்வாமைக்காரர் அதை மட்டும் நம்பக்கூடாது. அதே இயந்திரத்தில் பால் சொக்லேட்டும் ஓடியிருக்கலாம்.

ஹலால் குறியைச் சைவம் என்று நினைத்தவர் ஒருவர் எங்கள் மாடியிலேயே இருக்கிறார். ஹலால் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்து வருவது. மாட்டிறைச்சி தொடாத வீட்டுக்கு இதுதான் மிக மோசமான பொறி. மறுபக்கம், பச்சைப் புள்ளி இருப்பதால் ஹலால் என்றும் சொல்ல முடியாது, எசன்ஸில் மதுசாரம் இருக்கலாம். அமெரிக்க வனிலா எக்ஸ்ட்ராக்டில் சட்டப்படியே குறைந்தது 35 வீதம் மதுசாரம் இருக்க வேண்டும். மருதானையில் இருக்கும், ஹலால் பார்க்கும் என் நண்பர் வனிலாப் போத்தலைத் திருப்பிப் பார்க்காமல் கூடையில் போடமாட்டார்.

6. ஒவ்வாமை: இங்கே மட்டும் அவசரப்படக் கூடாது

ஐரோப்பா, பிரித்தானியா, அவுஸ்திரேலியாச் சாமான்களில் ஒவ்வாமைப் பொருள்களைத் தடித்த எழுத்தில் காட்டுவார்கள். ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் அப்படி 14 பொருள்கள். அமெரிக்காவில் 9, அதிலே எள்ளு 2023 ஜனவரியில்தான் சேர்ந்தது. நல்லெண்ணெய், எள்ளுருண்டை நம் வீட்டுச் சாமான் என்பதால் சொல்கிறேன்.

கச்சானுக்குப் பெயர்கள் பல. பீநட், கிரவுண்ட்நட், மங்கி நட், எண்ணெயில் அரக்கிஸ். இந்திய மிக்சரில் கிரவுண்ட்நட் என்றுதான் வரும். ஐரோப்பிய பிஸ்கற்றில் லூப்பின் மா என்று ஒன்று வரலாம், அது கச்சானின் உறவுப் பயறு, கச்சான் ஒவ்வாமைக்காரருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அமெரிக்கப் பட்டியலின் ஒன்பதில் லூப்பின் இல்லை.

கச்சான் இருக்கக்கூடும் (மே கன்டெய்ன்) என்பது போன்ற எச்சரிக்கை வரியைப் பற்றி ஒரு விசயம். பிரித்தானியாவில் அதைப் போடுவது உற்பத்தியாளரின் விருப்பம். ஆகவே அந்த வரி இல்லை என்பதற்காகப் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. மகளுக்குப் புது பிஸ்கற் எதையும் நாங்கள் வெளியூர்ப் பயணத்திலோ இரவிலோ முதல் தடவை கொடுப்பதில்லை. மருத்துவர் தந்த குறிப்பின் படம் எங்கள் இரண்டு பேரின் போனிலும், பள்ளிக்கூடப் பையிலும் இருக்கிறது. மூச்சு முட்டினால், முகம் வீங்கினால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்கள் ஈ 220 முதல் 228 வரையான சல்பைற்றுகளைப் பாருங்கள். மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கும் உலர்ந்த அப்ரிகொட்டில் தாராளமாக இருக்கும்.

7. முன்பக்க வாக்குறுதிகளை எப்படி எடுத்துக்கொள்வது

"எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை." சரி, 621 என்ற அந்தச் சுவைகூட்டியைச் சேர்க்கவில்லை. 627, 631, 635, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், ஹைட்ரோலைஸ்ட் வெஜிடபிள் புரோட்டீன்? அவை இருக்கலாம், வேலையும் அதேதான். எனக்கு எம்.எஸ்.ஜி. மீது கோபமில்லை, தக்காளியிலும் பழைய சீஸிலும் அதன் மூலக்கூறு இயல்பாகவே இருக்கிறது. என் கோபம் முன்பக்கத்தில் ஒன்றைச் சொல்லிப் பின்பக்கத்தில் அதன் ஒன்றுவிட்ட தம்பியைப் போடுவதில்தான். இதில் வேடிக்கை, கோழிப் படம் போட்ட நூடில்ஸில் கோழியே இல்லாமல் இருக்கும், மரக்கறிப் படம் போட்டதில் 631 இருக்கும்.

"சீனி சேர்க்கப்படவில்லை" என்றால் சீனி இல்லை என்று பொருளல்ல. பழச்சாற்றில் இயல்பாக உள்ள சீனி அப்படியே இருக்கும். "சுகர் ஃப்ரீ" வேறு. ஐரோப்பாவில் 100 கிராமில் அரைக் கிராமுக்கு மேல் சீனி இருக்கக் கூடாது. ஆனால் இனிப்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சோர்பிற்றோல் 420, மோல்டிற்றோல் 965. அளவு மீறினால் வயிற்றாலை போகும் என்று பொடி எழுத்தில் இருக்கும். மாமனார் சீனியில்லை என்ற சந்தோசத்தில் அரைப் பைக்கற்றை ஒரே இருப்பில் முடித்தார். அடுத்த நாள் வங்கிக்குப் போக இருந்த பயணம் நின்றுபோனது.

"டிரான்ஸ் கொழுப்பு 0" என்று அமெரிக்கச் சாமானில் இருந்தால், ஒரு பரிமாறலில், அதாவது ஒரு தடவை சாப்பிடுவதாகக் கணக்கிடும் அளவில், அரைக் கிராமுக்குக் குறைவு என்றுதான் அர்த்தம். சில பைக்கற்றில் பரிமாறல் என்பது இரண்டு பிஸ்கற். யார் இரண்டோடு நிறுத்துகிறார்கள்?

"செயற்கை நிறம் இல்லை" என்பதில் அம்மாவுக்கு ஆபத்து கூட. கார்மைன் இயற்கை நிறம்தானே!

நிறங்களைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்கு ஒரு குறுக்குவழி: 102, 104, 110, 122, 124, 129 ஆகிய ஆறில் ஒன்று இருந்தால், பிள்ளைகளின் செயற்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை ஐரோப்பா 2010 முதல் லேபலில் கேட்கிறது. வெண்மைக்குப் போடும் 171ஐ ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நிறுத்தியது, பிரித்தானியா நிறுத்தவில்லை. ஒரே பெயருள்ள இனிப்பு ஜேர்மனியிலிருந்து வந்தால் ஒரு சேர்மானம், லண்டனிலிருந்து வந்தால் இன்னொன்று. அதனால் "இந்தப் பெயர் நல்லது" என்று மனதில் குறிக்காதீர்கள், எந்த நாட்டுக்குச் செய்த பைக்கற் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

8. 100 கிராம் நிரலை மட்டும் பாருங்கள்

பின்பக்கப் போசாக்கு அட்டவணையில் ஒரு பரிமாறலுக்கு என்ற நிரல் ஏமாற்றும். 100 கிராம் அல்லது 100 மில்லிலீற்றர் நிரலைப் பாருங்கள். அமெரிக்கச் சாமானில் அது பெரும்பாலும் இருக்காது, பரிமாறலின் கிராமைப் பார்த்து நீங்களே கணக்குப் போட வேண்டும்.

இலங்கையில் விற்கும் குளிர்பானங்களில் 2016 முதல் நிறக்குறி உண்டு. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. திண்ம உணவுகளுக்கும் பின்னர் வந்தது: 100 கிராமில் சீனி 22, உப்பு 1.25, கொழுப்பு 17.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு. பார்சலில் வருகிற சாமானில் இந்த நிறம் இருக்காது. இந்த நாலு சிவப்புக் கோட்டு இலக்கங்களையும் போனில் எழுதிக்கொண்டால் அந்த நிறத்தை நீங்களே பூசிப் பார்க்கலாம்.

உப்புக்குப் பதில் சோடியம் என்று இருந்தால் இரண்டரையால் பெருக்குங்கள். 500 மில்லிகிராம் சோடியம் 1.25 கிராம் உப்பு, அதாவது நம் சிவப்புக் கோடு.

9. திகதி

10/05 என்பது லண்டனில் மே 10, அமெரிக்காவில் ஒக்டோபர் 5. கனடாவில் மாதத்தை இரண்டு எழுத்தில் போடுவார்கள்: எம்.ஏ. என்றால் மே, எம்.ஆர். என்றால் மார்ச், ஜே.என். ஜூன், ஜே.எல். ஜூலை. தாய்லாந்துச் சாமானில் 2569 என்று கண்டு சிரிக்க வேண்டாம், 543ஐக் கழியுங்கள், 2026. "பெஸ்ட் பிஃபோர்" கடந்தால் ருசி குறையலாம், "யூஸ் பை" கடந்தால் தொடக்கூடாது. கொழும்புப் புழுக்கத்தில் லண்டன் சொக்லேட் அந்தத் திகதிவரை தாக்குப்பிடிக்கும் என்று நினைக்கவும் வேண்டாம்.

பார்கோட் 479இல் தொடங்கினால் இலங்கையில் செய்தது, 890 என்றால் இந்தியாவில் செய்தது என்று சிலர் சொல்வார்கள். அது நிறுவனம் பதிவான இடம்தான், சாமான் செய்த இடமல்ல.

10. சந்தேகம் தீராவிட்டால், ஏமாற்றம் நடந்தால்

471 எதிலிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேட்டுப் பயனில்லை. உற்பத்தி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். இவற்றை ஒரே கடிதத்தில் கொடுத்தால் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்காது: சாமானின் முழுப் பெயர், பார்கோட் இலக்கம், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, வாங்கிய நாடு, பின்பக்கப் படம். கேள்வி நேரடியாக இருக்கட்டும்: இந்தத் தொகுதியில் உள்ள 471 தாவரத்திலிருந்தா, விலங்கிலிருந்தா? "இது நல்லதா" என்று கேட்டால் விளம்பரம்தான் பதிலாக வரும். செலவு ஒன்றுமில்லை, நேரம்தான். நான் எழுதிய மூன்றில் ஒன்றுக்கு நாலு நாளில் பதில் வந்தது, தாவரம் என்று. மற்றதற்கு மூன்று கிழமை, "இரண்டிலிருந்தும் வரலாம்" என்று.

இங்கே வாங்கிய சாமானில் திகதி மாற்றியிருந்தால், ஸ்டிக்கரும் அச்சும் முரண்பட்டால், பில்லையும் பைக்கற்றையும் வைத்திருங்கள். பில் இல்லாமல் போனால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். நுகர்வோர் விவகார அதிகார சபையின் இலக்கம் 1977. உணவு சம்பந்தமான சந்தேகத்துக்கு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், எல்லாரும் சொல்கிற பி.எச்.ஐ.யிடம், போகலாம், கொழும்பு மாநகர எல்லைக்குள் என்றால் மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பிரிவு. உடைத்த பைக்கற்றைக் கொண்டுபோய்ப் பரிசோதித்துத் தாருங்கள் என்றால் சரிவராது. மாதிரி எடுத்து முத்திரையிட்டு அனுப்புவது அவர்கள் வேலை, அதனால் கடையில் அதே தொகுதிச் சாமான் இன்னும் இருக்கும்போதே சொல்லுங்கள்.

நான் முறையிடப் போனபோது பைக்கற்றோடு பில்லும், கடை அலுமாரியைப் படமெடுத்ததும் இருந்தன. பெயர், முகவரி, கடை, வாங்கிய திகதி எழுதிக் கொடுக்க இருபது நிமிடம். இரண்டாவது கிழமை அந்த அலுமாரியில் அந்தச் சாமான் இல்லை.

மூன்றாவது மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் வரவில்லை. அந்தப் பைக்கற் உடைக்காமல் ஃபிரிட்ஜுக்கு மேல் கிடக்கிறது. அம்மா அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார், தொடமாட்டார்.